தலையாட்டலுக்கு ஒரு வரி

அன்பு மகன் பொயானுக்கு, கப்ரொவோவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவருக்கொருவர் பழகிப்போய் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே அயர்லாந்தில் கால்வேயில் நீயும் ஈஃபாவும் பிள்ளைகளும் அந்த ஊர் மழையில் சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். உறைக்குள் உங்கள் நான்கு பேருக்கும் மார்ச் மாதத்துச் சிவப்பு வெள்ளைக் கயிறு வைத்திருக்கிறேன், நோய்நொடி அண்டாமல் இருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பென் டிரைவ் இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதே, இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன மாதம் ஈஃபா எனக்கு எழுதியிருந்தாள். பிள்ளைகள் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம், அப்போது நான் அனுப்பிய அந்தப் பழைய வீடியோ டிஸ்க்கைப் போட உங்கள் வீட்டில் இப்போது கருவி இல்லையாம், கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மாற்றி, பேசுவது புரிய அடியில் இங்கிலீஷில் எழுத்தும் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். எனக்கென்ன வேலை, சரி என்றேன். சினிமாவில் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றவள் நான், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அது அப்பாவின் கடைசிக் கோடை, அவர் பெயர்கொண்ட புனித இலியாவின் திருநாளில் நடந்த பெயர்நாள் விருந்து, அடுத்த வீட்டு பென்யோ புதுக் கேமராவோடு மேசையைச் சுற்றிவந்து எல்லோர் வாயையும் கிளறினானே, நீ வராத அந்த விருந்து, அதுதான்.

டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தது பென்யோ, எழுத்துப் போட்டது நான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, யார் எப்போது பேச ஆரம்பிக்கிறார், எப்போது முடிக்கிறார் என்று பார்த்து நேரத்தோடு வரியைத் தட்டி, வீடியோவுக்கு என்ன பெயரோ அதே பெயரை அந்தக் கோப்புக்கும் வைத்துப் பக்கத்தில் போட்டால் தானாக வந்துவிடுகிறது. தொல்லை கொடுத்தது சத்தம்தான். நகலெடுத்ததில் படம் முன்னே போக சத்தம் பின்னே வந்தது, உன் அத்தை வாயை மூடிய பிறகும் அவள் குரல் கேட்டது, பென்யோ அதைப் பார்த்துவிட்டு, "இதுல தப்பே இல்ல ஸ்த்ராவ்கா, நேர்லயும் அந்தம்மா அப்படித்தான்" என்றான். வரிகளை எல்லாம் சத்தத்தை வைத்துப் போட்டிருந்தேன், படத்தோடு ஒன்றுமே சேரவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் சத்தத்தை இழுத்துப் படத்தோடு பொருத்தினோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. ஈஃபா அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். டிஸ்க் வந்த புதிதில் நீ பார்க்க மனமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டாயாம், அவள் மட்டும் பார்த்தாளாம், அப்பா என் மேல் கோபமாக இருந்தாரா என்று நீ கேட்டதற்கு ஆமாம் என்றார் என்று சொன்னாளாம், அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். படித்ததும் எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. அடக்கத்துக்கு வந்தவன் மறுநாளே கிளம்பியது, அப்புறம் வருஷாவருஷம் ஒரு சாக்குச் சொன்னது எல்லாம் இதனால்தானா? அவளைக் குறை சொல்லி என்ன, கல்யாணமான புதிது, பாஷை தெரியாது, அவள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவர் வாயால் சொன்னாரா தலையால் சொன்னாரா என்று நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா.

அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பென்யோ கேமராவை அப்பா முகத்துக்கு நேரே கொண்டுபோய், "என்ன இலியா, பையன் வரல, கோவமா?" என்கிறான். அப்பா வாயில் வறுத்த மிளகாய், பேசவில்லை, தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார், அவ்வளவுதான். அயர்லாந்தில் அது ஆமாம். நம் ஊரில் அது நேர்மாறு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அப்பா ஜெர்மனியில் கட்டட வேலைக்குப் போய் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அந்த ஊர் ஆட்டலை ஆட்டித் தொலைத்திருந்தால்? பென்யோவிடம் கேட்டேன். "ஜெர்மன்காரன்கிட்ட வேணா அப்படி ஆட்டுவான், என்கிட்ட எதுக்கு ஆட்டப்போறான், நான் என்ன மேஸ்திரியா?" என்றான். அது எனக்குப் போதவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் இல்லையா, அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். சத்தம் பின்தங்கி வந்தபோது மிளகாய் மெல்லுகிற சத்தம் என்று நினைத்துவிட்ட ஒன்று, இப்போது சரியாகத் தலை மேலே போகிற இடத்தில் வந்து விழுகிறது. நாக்கை மேலண்ணத்தில் வைத்து "ட்ஸ்" என்கிறார். நாக்குச் சத்தத்தோடு தலை மேலே போனால் இல்லை என்பதைத் தவிர நம்மவர்களுக்கு வேறு அர்த்தம் கிடையாது. அப்பா உன் மேல் கோபமாக இல்லை, பொயான். இத்தனை வருஷம் நீ சுமந்தது இல்லாத ஒன்று. அவர் பேசாத அந்த இடத்துக்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன், "இல்லை, கோபம் இல்லை" என்று. பிள்ளைகளோடு உட்கார்ந்து நீயும் பார், சத்தத்தை வைத்துப் பார்.

ஈஃபாவிடம் இதை மெதுவாகச் சொல், அவள் நல்லவள், அழுவாள். மாதுளம்பூப் போல சிவந்த கன்னத்தோடு எல்லோரும் நூறு வயது ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். ஒன்று மறந்துவிட்டேன். போன ஞாயிறு வீடியோ காலில் ஈஸ்டருக்கு வருகிறாயா என்று கேட்டேன், தலையை மேலும் கீழும் ஆட்டினாய், அதற்குள் லைன் போய்விட்டது. நீ அங்கே போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, அது எந்த ஊர் ஆட்டல் என்று எனக்குத் தெரியவில்லை. போன் பண்ணி வாயால் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா ஸ்த்ராவ்கா