பதினோராம் அத்தியாயத்தில் கோழிகள்

திருகோணமலை
02.06.2024

அன்பின் முனாப்,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே இலட்சுமி சுகம். நானும் சுகம், என் இடுப்பு மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது.

நீ கிண்ணியா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மூன்று புத்தகங்களும் அதே பஸ்ஸில் திரும்பி வருகின்றன. வழக்கம்போல அபிப்பிராயம் உள்ளே. போனில் புத்தகம் கதைத்தால் பொய் வரும், கடதாசியில்தான் எழுதவேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன் சட்டம் போட்டவன் நீ. அனுபவிக்கிறது என் விரல்.

முதலாவது, கவிதைத் தொகுப்பு. மொத்தம் அறுபத்துநான்கு பக்கம். அதில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை எல்லாம் சேர்த்து இருபத்தாறு. விருந்தாளிகள் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்ததுபோலக் கவிதை வருகிறது.

இரண்டாவது, கடல் நாவல். முன்னுரைக்காரர் சொல்கிறபடி கதாநாயகன் நாற்பது பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். நான் துறைமுகக் கந்தோரில் இருபத்தெட்டு வருஷமாகக் கடலைப் பார்க்கிறேன். எனக்கு ஒருவரும் விருது தரவில்லை. கப்பல் எப்ப வரும் என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்றாவது, பயணக் கட்டுரைகள். ஆழமான பார்வை, ஆற்றொழுக்கான நடை. வேறென்ன சொல்ல?

ஊர்ப் புதினம்: போன கிழமை சுஹைரா ரீச்சரின் சிறுகதை நூல் வெளியீடு. நயவுரை அடியேன்தான். இந்த வருஷத்தில் ஒன்பதாவது. நான் பேசப்பேச ரீச்சர் கண்ணைத் துடைத்தார். நான் மேசையில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

களைப்பாக இருக்கிறது மச்சான். கந்தோரால் வந்து கதிரையில் இருந்தால் எழும்ப ஏலாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்புபோல வரிசையாக வெளியே போகிறது. ஐம்பத்தாறு வயசு. அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மேடைகளின் நிரந்தர விருந்தாளி
இராகுலன்


கிண்ணியா
11.06.2024

அன்பின் இராகுலன்,

உனக்கும் வீட்டாருக்கும் சாந்தி உண்டாகட்டும்.

புத்தகங்கள் கிடைத்தன. “ஆழமான பார்வை, ஆற்றொழுக்கான நடை” என்பது அந்தப் பயணக் கட்டுரையின் பின்னட்டையில் அப்படியே இருக்கிறது. கமாவும் அதே இடத்தில். எனக்குக் கோபமில்லை. நான் பென்ஷன் எடுத்த வாத்தியார். பார்த்து எழுதிய பிள்ளைகளோடெல்லாம் கோபித்திருந்தால் இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

மற்றப் புத்தகங்களை நீ எப்படியும் வாசி. இதோடு வருவதை மட்டும் உண்மையாக வாசி. இது என் நாவல். ஓம், முடித்துவிட்டேன். றுவைஸ் தன் அச்சகத்தில் தாள்களை அடித்துவிட்டார். ஒரு மாதிரிப் பிரதி மட்டும் கட்டித் தந்திருக்கிறார். நீ சரி என்றால் மிச்சம் முந்நூறையும் கட்டுவார்.

பதினோராம் அத்தியாயத்தில் அஸ்ஹான் இருக்கிறான். பெயரை மாற்றியிருக்கிறேன், ஆனால் என் மகன்தான். காய்ச்சல் வந்து அவன் போன அந்தக் கிழமைதான் கதை. ஏழு வருஷமாக நஜ்முனிடம் நான் சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கங்களை நான் திரும்பப் பார்க்கவில்லை, ஏலவில்லை. பிழை திருத்தியதும் றுவைஸ்தான்.

பெற்றவள் நஜ்முன் அதை வாசிக்கலாமா? தாங்குவாளா? நீ கூடாது என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுத்தான் கட்டச் சொல்வேன். அஸ்ஹானைத் தோளில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டு திரிந்தவன் நீ. உன்னை விட்டால் கேட்பதற்கு எனக்கு ஆளில்லை.

முனாப்


திருகோணமலை
23.06.2024

அன்பின் நாவலாசிரியர் அவர்களே,

இனி உன்னை நீ என்று எழுதலாமோ தெரியாது. எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்.

வாசித்தேன். ஒரே மூச்சில். இலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. மண்ணின் மணம் பக்கத்துக்குப் பக்கம் வீசுகிறது. பதினோராம் அத்தியாயத்தில் என் கண் கலங்கிவிட்டது. அஸ்ஹான் உயிரோடு எழும்பி வருகிறான். நஜ்முன் தங்கச்சி தாராளமாக வாசிக்கலாம். ஒரு தாய்க்கு இதைவிட ஆறுதல் கிடைக்காது. ஒரு சொல்லையும் எடுக்காதே. முந்நூறையும் கட்டச் சொல்லு.

விழாவில் நயவுரை யார்? என்னைத் தவிர வேறு ஆளைப் போட்டால் மண்டப வாசலில் உண்ணாவிரதம் இருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்குவேன், பயப்படாதே.

இங்கே கந்தோருக்குப் புதிய அதிகாரி வந்திருக்கிறார். எல்லோரையும் எட்டு மணிக்கு வரச் சொல்கிறார். பாவம், இளம் மனிசன். கொஞ்ச நாளில் களைத்துவிடுவார்.

உன் முதல் வாசகன்
இராகுலன்


கிண்ணியா
06.08.2024

இராகுலன்,

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நீ ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

“பதினோராம் அத்தியாயத்தை வாசிக்காதவர் இந்த நாவலை வாசித்தவரே அல்ல” என்று மேடையில் சொன்னாய். பெண்கள் பக்கத்தில் இருந்த நஜ்முன் அங்கேயே புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். நூற்று நாற்பத்தைந்தாம் பக்கம்: கோழிகளுக்கு வரும் கழிச்சலின் அறிகுறிகள். அடுத்த பக்கம் தீன் கலக்கும் விதம். அதற்கடுத்தது கூடு கட்டுதல். பதினாறு பக்கமும் கோழி. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. நஜ்முன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “இதில எங்கட மகன் எங்க?” என்று கேட்டாள்.

றுவைஸ் தலையில் அடித்துக்கொள்கிறார். அதே நாட்களில் கந்தளாய்க் கோழி வளர்ப்போருக்கு ஒரு கைநூல் அடித்தாராம். ஒரே அளவுத் தாள். மடித்து அடுக்கும்போது பதினாறு பக்கக் கட்டு ஒன்று அங்கேயும் இங்கேயும் மாறிவிட்டது. உனக்கு அனுப்பிய மாதிரிப் பிரதியும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர் விட்டது பிழை. அப்படி ஏதாவது இருந்தால் பிடிக்கட்டும் என்றுதானே உனக்கு அனுப்பினேன்?

நீ எதை வாசித்துக் கண் கலங்கினாய் இராகுலன்? கழிச்சலையா?

ஒருவகையில் நல்லது. அவள் வாசிக்கக் கூடாது என்று அல்லாஹ் நினைத்திருக்கிறான். கையெழுத்துப் பிரதியை அடுப்பில் வைத்துவிட்டேன். றுவைஸின் கணினியிலும் அழித்தாயிற்று. அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இனிப் புத்தகம் அனுப்பாதே.

முனாப்


திருகோணமலை
14.08.2024

முனாப்,

நீ அனுப்பாதே என்றது புத்தகத்தை. கடிதத்தை அல்ல என்று சட்டத்தில் ஓட்டை பிடித்து எழுதுகிறேன்.

நான் வாசிக்கவில்லை. உன் நாவலை மட்டுமல்ல, மூன்று வருஷமாக எந்தப் புத்தகத்தையும் வாசிக்கவில்லை. எப்படித் தொடங்கியது என்று சொல்லத் தெரியாது. ஒரு நாள் நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன். பிறகு பத்தாம் பக்கத்தில். பிறகு முன்னுரையில். இப்போது அட்டையில் நிற்கிறேன். வெறுப்பு ஒன்றுமில்லை, சும்மா ஒரு களைப்பு. ஆனால் விழாக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. முன்னுரையும் கடைசிப் பந்தியும் இருந்தால் இருபது நிமிஷம் பேசுவேன். ஆட்களும் கைதட்டினார்கள். சுஹைரா ரீச்சர் கண்ணைத் துடைத்தார் என்று எழுதினேனே, அந்தப் புத்தகத்தின் நிறம்கூட எனக்கு நினைவில்லை.

உன் நாவலை அவ்வளவுகூடப் பார்க்கவில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டே பதில் எழுதினேன். சும்மா நடுவில் திறந்திருந்தால் ஒரு கோழியாவது என்னைக் காப்பாற்றியிருக்கும்.

இலட்சுமியிடம் சொன்னேன். “இது பகிடி இல்லையப்பா” என்றாள். முப்பது வருஷமாக என் பகிடி ஒன்றுக்கும் சிரிக்காதவள், இது பகிடி இல்லை என்று வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

மன்னிப்புக் கேட்டு நாலு வசனம் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். நயவுரை மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

இராகுலன்


திருகோணமலை
15.09.2024

முனாப்,

நீ பதில் எழுதவில்லை. நான் கந்தளாய்க்குப் போய்வந்தேன்.

உன் கையெழுத்து அடுப்புக்குப் போனாலும் அந்தப் பதினாறு பக்கமும் கோழிக் கைநூலுக்குள் இருக்கத்தானே வேண்டும்? றுவைஸிடம் விலாசம் வாங்கினேன். முதல் வீட்டில் புத்தகத்தை ஆடு தின்றுவிட்டது. இரண்டாம் வீட்டில் அதைக் கிழித்து முட்டை சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது, பாக்கியரத்தினம் என்று ஒருவர். குளக்கட்டுக்குக் கிட்ட வீடு, அறுபது கோழி.

“புத்தகம் கிடக்கு ஐயா. நடுவில ஒரு கதை வருகுது. அதைக் கிழிச்சுக்கொண்டு போக வந்தனீங்களெண்டா தரமாட்டன்” என்றார்.

“வாசிச்சனீங்களோ?”

“வாசிக்காம? கழிச்சலுக்கு மருந்து தேடித் திறந்தனான். ஒரு தகப்பனும் மகனும் வருகினம். சரி, இவையளும் கோழி வளர்க்கிற ஆக்களாக்கும், மருந்து இனி வரும் எண்டு வாசிச்சுக்கொண்டு போறன். பெடியன் காய்ச்சலில போயிட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பினா, முட்டையை எத்தனை நாள் அடைவைக்கிறது எண்டு கிடக்கு.” தீன் வாளியைக் கீழே வைத்தார். “எழுதின மனிசன் இருக்கிறாரோ?”

“ஓம், இருக்கிறார்.”

“அவரோட ஆரும் போய்க் கதைக்கிறவையோ?”

பார்த்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

பக்கங்களைத் தரமாட்டேன் என்றவர் பார்த்து எழுத விட்டார். காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை தீன் சாக்கின்மேல் இருந்து எழுதினேன். இடையில் ஒரு சேவல் என் பேனையைக் கொத்தியது. சொல் சொல்லாக எழுதும்போது எதையும் தாண்டிப் போக ஏலாது என்று இந்த வயசில் கண்டுபிடித்தேன்.

பின்னேரம். கதையில் நீ கதிரையில் இருந்து புத்தகம் வாசிக்கிறாய். உள்ளே காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளை, “வாப்பா, தலை சரியா இடிக்குது, டொக்டரிட்டப் போவமா?” என்கிறான். “இரு மகன், இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு வாறன்” என்கிறாய். இன்னொரு தரம் கூப்பிடுகிறான். அதே பதில். நீ முடித்துவிட்டு எழும்பும்போது டொக்டர் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் அவனைக் கொண்டுபோகிறாய்.

அந்தப் புத்தகம் யாருடையது என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். 2017 மார்ச் மாதம் நான்தான் அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டும் வைத்தேன்: “வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு, வேறொருவர் காத்திருக்கிறார்.” முனாப், ஒருவரும் காத்திருக்கவில்லை. உன்னை ஓட்டிப் பார்க்கச் சும்மா எழுதினேன். ஏழு வருஷத்தில் நீ அதை ஒரு தரமும் சொல்லிக்காட்டவில்லை. நாவலிலும் அந்தத் துண்டைப் போடவில்லை.

அந்த ஒரு பின்னேரம் எதையாவது மாற்றியிருக்குமா? எனக்குத் தெரியாது. மாற்றியிராது என்று எழுத ஆசைதான். ஆனால் அது பின்னட்டை வசனம்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நஜ்முன் வாசிக்கவேண்டும். தாங்குவாள் என்பதற்காக அல்ல. அதுவும் எனக்குத் தெரியாது. எங்கட மகன் எங்க என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்டவளுக்குக் கொடுக்கவேண்டும். முந்நூறு பேருக்கு வேண்டாம், இந்த ஒரு பிரதி போதும். அவள் வாசிக்கும்போது நீ பக்கத்தில் இரு.

நடையைப் பற்றியும் ஒன்று. மழை வர்ணனை நீளம். எழுதி எழுதி என் கை விட்டுப்போயிற்று.

இராகுலன்


கிண்ணியா
09.10.2024

அன்பின் இராகுலன்,

உன் கட்டு இரண்டு கிழமைக்கு மேல் அலுமாரியில் கிடந்தது. போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து நஜ்முனின் கையில் கொடுத்தேன். முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன்.

உன் எழுத்து விளங்காமல் நாலு இடத்தில் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டாள். அந்த நாலையும் என் வாயால் சொல்லவேண்டி வந்தது. அதில் ஒன்று, “இரு மகன்.”

முடித்ததும் தாள்களை அடுக்கி வைத்தாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஒரு இடம் பிழை” என்றாள்.

“எந்த இடம்?”

“ரெண்டு தரம் கூப்பிட்டான் எண்டு எழுதியிரிக்கீங்க. மூணு தரம். மூணாந் தரம் உங்கள இல்ல, என்னை. உம்மா எண்டான். நான் குசினிக்குள்ள மீன் பொரிச்சிக்கிட்டு நிண்டன். வாப்பாட்டக் கேளு மகன் எண்டன்.”

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அந்தத் துண்டுக்காக அல்ல. அது இல்லாவிட்டாலும் நான் முடித்துவிட்டுத்தான் எழும்பியிருப்பேன். வாசிக்காமல் வாசித்தேன் என்றாயே, அதற்காக. எப்போது போகும் என்று தெரியாது. மழையையும் குறைக்கமாட்டேன்.

மூன்றாம் தரத்தை அவளே எழுதுகிறாள். மூன்று நாளாக, சமையல் முடிந்ததும் கொப்பியோடு இருக்கிறாள். நேற்று இரண்டு தாளைக் கிழித்து எடுத்து மடித்துத் தந்தாள். நான் பிரித்துப் பார்க்க வேண்டாமாம். “இராகுலன் அண்ணனுக்கு அனுப்புங்க. அவர் வாசிச்சிட்டு எழுதட்டும்” என்கிறாள்.

அது இதற்குள் இருக்கிறது. வாசிப்பாயா?

முனாப்