நீ கேட்காமல் போனது

என் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அங்க வேளைக்குத் தூங்கி எழுந்து தெம்பா இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மத்தது எல்லாம். கையில போன் இருக்கும்போது அம்மா எதுக்கு லெட்டர் போடுறான்னு பயந்துடாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. போன்ல நான் சொல்லி உன் காதுக்கு வராமலே போன ஒரு விஷயம் இருக்கு, அதை எழுதத்தான் உக்காந்திருக்கேன். ஆனா இந்தப் போன் பட்ட பாட்டை முதல்ல சொன்னாத்தான் உனக்கு விளங்கும், கொஞ்சம் பொறுமையா படி.

உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் சீட்டு உறை தைக்கிற மனுஷன், வீட்டுல எது கெட்டாலும் கடைக்குக் கொண்டுபோறதுன்னா அவருக்கு மானம் போற மாதிரி. துணி அலசும்போது போன் கைநழுவி வாளியில விழுந்துச்சு, நான் பதறிப்போய் நின்னா அவர் நிதானமா துடைச்சு அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சார், ஈரத்தை இழுத்துடுமாம். ஈரம் போச்சோ இல்லையோ, சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள ஒரு குருணை போய் உக்காந்துக்கிச்சு, அதை எடுக்க ஊசியும் கண்ணாடியுமா ஒரு சாயங்காலம் போச்சு. அப்புறம் போன் கண்ணாடியில இருந்த கீறலைப் போக்குறேன்னு டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சார், கீறல் அப்படியே இருக்கு, யார் கூட பேசினாலும் எனக்குப் பல் விளக்குற ஞாபகம்தான் வந்துச்சு. இதெல்லாம் போகட்டும், இனிமே கீழே விழுந்தாலும் அடிபடக் கூடாதுன்னு சீட்டுக்கு வெட்டின ரெக்சின்ல மிச்சம் இருந்ததை எடுத்து ஒரு உறை தைச்சுக் கொடுத்தார். தையல் அவ்வளவு நேர்த்தி, நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில பார்த்தவங்க எல்லாரும் கேட்டாங்க. போனோட அடிப்பக்கம் பொடிசா ஒரு ஓட்டை இருக்கில்ல, தூசி போயிடும்னு அதுக்கு நேரா உறையோட உள்பக்கம் இன்னொரு ரெக்சின் துண்டை ஒட்டி மூடிட்டார். நான் பேசுறது அது வழியாத்தான் உள்ளே போகுதுன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

அதுக்கு அப்புறம்தான் நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா கேக்கலை, லைன் சரியில்லைன்னு சொல்ல ஆரம்பிச்சே. எனக்கு உன் குரல் கணீர்னு கேக்குது, நீ மட்டும் கேக்கலைங்கிறே. எங்க கடை முதலாளி வேண்டாத ஆளு போன் பண்ணினா லைன் சரியில்லைன்னு சொல்லித்தான் வைப்பார், தினமும் பார்க்கிறேனே, என் புத்தி அங்க போச்சு. இருந்தாலும் போன்லதான் ஏதோ கோளாறுன்னு மனசைத் தேத்திக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பார்த்தேன். கடையில பில் போடுற அக்கா, ஒருதடவை அணைச்சுப் போட்டா பாதி வியாதி போயிடும்னு சொன்னாங்க, தினமும் அணைச்சு அணைச்சுப் போட்டேன். இடம் நிறைஞ்சிருக்கும், கண்டதை அழிச்சு விடுன்னும் அவங்கதான் சொன்னாங்க. திறந்து பார்த்தா உன் சித்தி காலையில அனுப்புற ரோஜாப்பூவும் வணக்கமும்தான் மூட்டை மூட்டையா கிடக்கு, அத்தனையும் அழிச்சேன், குடும்ப குரூப் சத்தத்தையும் நிறுத்தி வச்சேன், சித்திகிட்ட சொல்லிடாதே. அழிச்சுக்கிட்டே வரும்போது நீ அனுப்பின படங்கள் வந்துச்சு. பஸ் கண்ணாடியில மழைத் தண்ணி, ஆபீஸ் ஜன்னல், ஒரே செருப்பை மூணு கோணத்துல எடுத்து வாங்கட்டுமான்னு கேட்டது. இதையும் அழிக்கலாமான்னு போன் கேட்டுச்சு, நான் வேண்டாம் வேண்டாம்னு அமுக்கிக்கிட்டே அன்னைக்கு வேலையை அதோட விட்டுட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ முகம் பார்த்துப் பேசினே, ஞாபகம் இருக்கா, பச்சைத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு இருந்தே. உனக்குப் பின்னால சிங்க் பக்கத்துல ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வச்சிருந்தே. நீ ஏதோ சிரிச்சுப் பேசிக்கிட்டே இருக்கே, எனக்கு அந்தத் தட்டை விட்டுக் கண்ணு நகரலை. இத்தனை நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்ததை அப்பதான் வாயைத் திறந்து கேட்டேன், சிட்டு, நான் வந்து கொஞ்ச நாள் உன் கூட இருக்கட்டுமான்னு. நீ தலையை ஆட்டி, சாப்பிட்டேன்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொன்னே. அப்புறம் துணி காயப்போடணும்னு வச்சுட்டே. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. வேண்டாம்னு நேரா சொல்ல மனசில்லாம பேச்சை மாத்திட்டா, என் பொண்ணுக்கு அவ வாழ்க்கை, நான் போய் எதுக்கு இடைஞ்சல்னு நானே எனக்குப் பதில் சொல்லிக்கிட்டேன். அதுக்கு அப்புறம் நீ கூப்பிட்டப்ப ரெண்டு மூணு தடவை வேலை இருக்குன்னு வச்சது வேலை இருந்து இல்லை. உங்கப்பா என்னடி முகம் இப்படி இருக்குன்னு கேட்டார், வெயில்னு சொன்னேன்.

முதலாளி வெளியூர் போயிருந்தப்பதான் குட்டு உடைஞ்சுது. எந்தெந்த மருந்து தீர்ந்துபோச்சுன்னு நான் பேசிப் பதிவு பண்ணி அவருக்கு அனுப்பினேன். அவர் கடைக்கே போன் போட்டு, என்னம்மா, தலையணைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டுப் பேசினீங்களா, ஒரு மருந்துப் பேரும் புரியலையேன்னு சிரிக்கிறார். அனுப்பினதை நானே போட்டுக் கேட்டேன், அவர் சொன்னது நிஜம்தான். சட்டுனு உனக்கும் அதே மாதிரி பேசி அனுப்பினதையெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொண்ணும் அதே கும்கும்தான். அதுக்குக் கீழேயே நீ என்னம்மா சொன்னே, திரும்ப அனுப்புன்னு எழுதியிருக்கே, அதை நான் இவளுக்கு முழுசா கேக்கக்கூட பொறுமை இல்லைன்னு எடுத்துக்கிட்டிருக்கேன். மருந்துப் பெட்டி அடுக்கி வைக்கிற பின்னறைக்குப் போய் உறையைக் கழட்டிட்டுப் பேசிப் பார்த்தேன், தெளிவா கேட்டுச்சு. மாட்டிட்டுப் பேசினேன், தலையணை. மறுபடியும் கழட்டினேன். அட்டைப் பெட்டி மேலயே உக்காந்துட்டேன். வேண்டாம்னு சொல்லலை, என் பொண்ணு நான் கேட்டதையே கேக்கலை. நான் வழக்கமா கேக்கிற கேள்வின்னு நினைச்சு அதுக்குப் பதில் சொல்லியிருக்கான்னு அப்பதான் உறைச்சுது. சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு, மருந்து வாங்க வந்தவர் மணி அடிச்சுக்கிட்டே இருக்கார்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட உறையைக் காட்டினேன். தோல்ல துளை போடுற ஊசியை எடுத்து சரியா அந்த இடத்துல வட்டமா ஒரு ஓட்டை போட்டார். அப்புறம்தான் அன்னைக்கு உன்கிட்ட என்ன கேட்டேன்னு அவர்கிட்ட சொன்னேன். நூலைச் சுத்திக்கிட்டே, என்கிட்டகூட சொல்லாமயா அவகிட்ட கேட்டேன்னார். கொஞ்சம் கோபம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில அவரே, மறுபடியும் கேளு, நான் தைக்க ஒத்துக்கிட்ட வேலையை விட்டுட்டு வர முடியாது, நீ போயிட்டு வான்னார். நான் இல்லாதப்ப உன்னோட பேசணும்னு முகம் பார்த்துப் பேசுறது எப்படின்னு இப்ப என்கிட்ட பழகிக்கிட்டு இருக்கார், பாதி நேரம் காதுதான் தெரியுது.

அவர் போயிட்டு வான்னு சொன்ன அன்னைக்கே உனக்குப் போன் பண்ணினேன். அம்மா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும்மான்னு நீ சொன்னே பாரு, அதைக் கேட்டதும் கேக்க வந்ததை விட்டுட்டேன். சாப்பிட்டியான்னுதான் வாயில வந்துச்சு. அதனாலதான் இந்த லெட்டர்.

எனக்கு ஊர் சுத்திப் பார்க்க ஆசை இல்லைம்மா. காலையில நீ அவசர அவசரமா கிளம்புறதைப் பார்க்கணும், எதையாவது மறந்துட்டு நீ படியேறித் திரும்பி வரும்போது கதவைத் திறந்து கொடுக்கணும். பகல்ல நீ இல்லாதப்ப உன் தெருவுல என்னென்ன சத்தம் கேக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். உன் வாசல்ல ரெண்டு ஜோடி செருப்பு கிடக்கணும், அவ்வளவுதான். அறை சின்னதுன்னா கீழே ஒரு பாய் போதும். நீ வீட்டுல இருந்து வேலை பார்க்கும்போது குறுக்கே பேச மாட்டேன். இப்ப தோது இல்லைன்னா அதையும் மறைக்காம எழுது, நான் வாடிப்போக மாட்டேன், உன் மனசை நானா ஊகிச்சுக்கிட்டு இருக்கிறதுதான் என்னால முடியலை.

நீ நோய்நொடி இல்லாம, நினைச்சது கைகூடி, நல்லவங்க நாலு பேர் சூழ நிறைவா வாழணும், அப்பாவும் நானும் தினமும் அதைத்தான் வேண்டிக்கிறோம். போனைத் தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதே. பரிசு விழுந்திருக்குன்னு எவனாவது லிங்க் அனுப்பினா தொடாதே, சித்தி தொட்டுட்டு இப்ப அவ பேர்ல எவனோ எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் வித்துக்கிட்டு இருக்கான். பதில் போட மறந்துடாதே. பெருசா எழுத நேரம் இல்லைன்னா ஒரே ஒரு எழுத்து எழுதினாப் போதும், வா.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கிற
அம்மா