எழுதியும் பதில் சொல்லலாம்

என் அருமை அக்காவுக்கு,

நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. உன் மோட்டார் லேபில் இருபத்திரண்டு பேருக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்திருந்தது. பாக்கி ஒருத்தி.

யாரென்று உனக்குத் தெரியும். இதை அச்சில் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் இலக்கியா என்று வைத்துக்கொள்ளலாம். திருவையாற்றுப் பெண், மூன்றாம் வருடம், ஆட்டிசம் உள்ளவள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்தால் எழுதிப் பதில் சொல்வாள்.

ஆடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அதே கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் என் தலையில் உன் லேபைக் கட்டினாய். "இலக்கியா வைவாவ மட்டும் விட்டுராதடா" என்றாய். "சலுகை குடுத்தே கெடுக்குற நீ" என்றேன். மூச்சு வாங்கச் சிரித்தாய்.

"நம்ம வயலு கடைமடை. தண்ணி வந்து சேரலன்னா அப்பா வயலையா திட்டுனாரு? எங்க அடச்சிருக்குன்னு வாய்க்காலோட நடந்தாருல்ல?"

இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்த வாரமே நீ இல்லை.

வெள்ளிக்கிழமை இலக்கியா கனெக்‌ஷனைச் சரியாகக் கொடுத்தாள். மோட்டார் ஓடியது. வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் கேள்வியை ஆரம்பித்தார். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாத்துப் பேசும்மா. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சார், கேள்விய எழுதிக் குடுங்க. எழுதிருவா" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான் தம்பி. நாளைக்கு வேலைக்குப் போயி எழுதிக் காட்டிக்கிட்டா இருப்பா?"

"நான் சென்னையில வேல பாத்த கம்பெனில, பக்கத்து சீட்டு மேனேஜரு மெயில்லதான் பேசுவாரு சார்."

லேப் அசிஸ்டென்ட் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

ஐந்து கேள்வி. மூன்று சரி, ஒன்று அரைகுறை, ஒன்று தப்பு.

"இதுக்கா இவ்வளவு சண்ட போட்டீங்க? சுமாராத்தானே எழுதியிருக்கா?"

"சுமாரா சொன்ன மத்தவங்களும் பாஸ்தானே சார்."

மார்க் போட்டுக் கையெழுத்திட்டார்.

மேதையாக இருந்தால்தான் இவளுக்கு இங்கே இடமா, அக்கா? நான் சுமாராகப் படித்துத்தானே இன்ஜினியர் ஆனேன்? என்னை யார் கேட்டார்கள்?

பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். தரையைப் பார்த்தபடி, வாய் திறந்தே கேட்டாள்.

"சார், மேடம் ஊர்லேருந்து எப்ப வருவாங்க?"

மகள் தாங்கமாட்டாள் என்று பயந்து, நீ ஊருக்குப் போயிருப்பதாக அவள் அம்மா சொல்லி வைத்திருக்கிறார். வகுப்பும் அதையே சொல்கிறது. வளர்ந்த பெண்ணிடம் உண்மையை மறைப்பதற்கு அன்பு என்றா பெயர்? எதையும் பட்டென்று போட்டு உடைப்பவன் என்று என்னைத் திட்டுவாயே, அந்த நான், "அப்பறம் பேசுவோம்மா" என்று நழுவினேன்.

இனிச் செய்யப்போவது:

1. லேபில் ரீங்காரம் போடும் அந்த டியூப்லைட்டை நாளைக்கே மாற்றுவேன். அவள் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தாகிவிட்டது. கல்லூரி வாங்கித் தரும்வரை காத்திருக்க முடியாது.

2. அடுத்த செமஸ்டரிலிருந்து பேசியும் பதில் சொல்லலாம், எழுதியும் சொல்லலாம். இவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். முதல்வர் சரி என்று சொல்லும்வரை அவர் அறை வாசலைவிட்டு நகரமாட்டேன்.

3. தேர்வுக்கு முந்தின நாள், நீ செய்ததுபோல, ஆளில்லாத லேபை அவள் பழகிப் பார்க்கத் திறந்துவிடுவேன்.

4. இது அச்சில் வருமுன், அவள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலக்கியாவிடம் நேராகச் சொல்வேன்: மேடம் செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. அந்தச் சொல் இதுவரை என் வாயில் வந்ததில்லை, அக்கா. எனக்கும் முதலில் எழுதத்தான் முடிந்தது.

உன் தம்பி