மதினி கேட்ட மழை

மதினி,

இன்று காலை அஞ்சலை தகரப் பெட்டியைத் திறந்து என் பழைய வேட்டி ஒன்றை வெளியே எடுத்துப் போட்டாள். அடுப்பிலிருந்து சட்டி இறக்கத் துணி வேண்டுமாம். தரையில் விழுந்த வேட்டியைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க அந்தச் சிவப்பு, எத்தனை சோப்புப் போட்டும் அசையாமல் அப்படியே இருந்தது.

“அத எடுக்காத. அது மதினி வேட்டி” என்றேன்.

“மதினி எப்ப வேட்டி கட்டுனாங்க?” என்றாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்து உங்களோடு ஒரே லயத்து வீட்டில் குடியிருந்தவள் அல்லவா, வாய் அப்படித்தான் இருக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. விடிகாலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனவர்களையெல்லாம், இன்று ரப்பர்ப் பால் வெட்டு இல்லை என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். ஈப்போ டவுனில் அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் தீபாவளி மலிவு விற்பனை தொடங்குகிற நாளும் இன்றுதான். மழை, விற்பனை, வேட்டி மூன்றும் ஒரே காலையில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? நீங்களே பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “என்ன கொழுந்தனாரே, இன்னும் கெளம்பலியா?” என்று கேட்டது போலிருந்தது.

கிளம்பிப் போய், இப்போது விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தோம். வந்த கையோடு இதை எழுதுகிறேன். கடிதாசு எழுதுகிற அளவுக்குப் படித்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். நீங்கள் அதுவும் படிக்காதவர். உயிரோடு இருந்திருந்தாலும் நான் எழுதியதை நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. கேளுங்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், எல்லாம் ஒரே ஒரு சொல்லில் தொடங்கியது. பாக்கியத்தின் கல்யாணத்தில், சித்தியவான் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா உங்கள் மகளுடைய கூறைச்சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “தோட்டத்துக் கடைச் சேலையா? பரவால்ல” என்றார். அவ்வளவுதான். பந்தி நடந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள், நீங்களும் சிரித்தபடி பரிமாறினீர்கள். ஆனால் அந்த ‘பரவால்ல’ உங்கள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. மகளின் தலைத்தீபாவளிக்கு ஈப்போப் பட்டுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பட்டு கைக்கு எட்டுவது அந்த மலிவு விற்பனையில்தான். அதிலும் முதல் நாள்தான். முந்தின தீபாவளிக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து போய், நல்லதெல்லாம் டவுன்காரர்கள் அள்ளிக்கொண்ட பிறகு மிச்சம் கிடந்த ஒரு மிளகாய்ச் சிவப்புச் சேலையோடு திரும்பி வந்தவர் நீங்கள். முதல் நாளோ வேலை நாள். ஒரே வீட்டில் நாலு பேர் சேர்ந்து பெரட்டுக்கு வராவிட்டால் கங்காணி பெயரை வெட்டிவிடுவார்.

“மழை பேஞ்சா?” என்றீர்கள் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலை இல்லை, கூலியும் இல்லை, ஆனால் யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்கள். ஐப்பசி மாதம். விடிகாலை மழைக்குப் பஞ்சமில்லாத காலம். நீங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போய், மற்றவர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லி மழை கேட்டுவிட்டு வந்தீர்கள்.

அதற்குப் பிறகு வீடு பட்டாளம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வாசலில் சாக்குகளை அடுக்கிக் கடை கட்டினீர்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போவது அண்ணன் வேலை, கதவு மாதிரி உடம்பு என்பதால். பட்டைத் தொட்டுப் பார்த்து அசலா என்று சொல்வது அஞ்சலை வேலை. எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“பேசுங்க. வேற என்ன தெரியும் உங்களுக்கு? மொதலாளிக்குத் தல கிறுகிறுத்து அவராவே வெலயக் கொறைக்கணும். இப்ப நீங்கதான் மொதலாளி. ஒக்காருங்க.”

சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

“பட்டு காட்டுங்க” என்றீர்கள்.

“பட்டெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? நல்ல கைலி வந்திருக்கு, பாக்குறீங்களா?”

நீங்கள் அண்ணன் பக்கம் திரும்பினீர்கள். “இந்தாங்க, உங்க தம்பிய அடிக்கலாமா?”

“ஒத்திகதானே. ஒண்ணு போடு” என்றார் அண்ணன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எதற்கு இந்தக் கூத்து என்று நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. மழை வேண்டிக் கும்பிட்டது வெளியே தெரிந்தால் அன்றாடக் கூலிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

மழை வந்தபின் வீட்டுக்கு ஓடி உடுத்திக்கொண்டு போனால் ரயில் தவறிவிடும். ஆகவே நல்ல துணியை உள்ளே உடுத்தி, மேலே சாக்கைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போக வேண்டும். இதுவும் உங்கள் உத்தரவு. வேலைத்துணியோடு கடைக்குப் போனால் என்ன என்று கேட்டதற்கு, “அழுக்குத் துணியோட போனா அவன் அழுக்குச் சரக்கத்தான் எடுத்துப் போடுவான்” என்றீர்கள். போன தீபாவளிக்கு ஒரே ஒரு முறை கட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மடித்து வைத்த அந்த மிளகாய்ச் சிவப்புச் சேலை உங்களுக்கு. அண்ணனுக்கும் எனக்கும் வெள்ளை வேட்டி.

அன்றைக்குப் பெரட்டில் வானம் பளிச்சென்று இருந்தது. கங்காணி பெயர் கூப்பிட்டார். போனோம். “மாரியாத்தா இன்னும் எந்திரிக்கல போல, மதினி” என்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை. உங்கள் நிரையில் முதல் மரத்துக்கு முன் உளியைப் பிடித்தபடி, பட்டையில் வைக்காமல் நின்றீர்கள். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி அப்படி நிற்க முடியும் என்று பக்கத்து நிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர்க் காட்டில் மழை முதலில் காதுக்குத்தான் வரும். தூரத்தில் இலைமேல் ஒரு சலசலப்பு. அது நெருங்கி, நம் தலைக்கு மேல் வந்து, பிறகுதான் சொட்டு. காடு முழுக்க ஆள் ஆளுக்கு மழையைத் திட்டினார்கள். நீங்களும் சேர்ந்து, “பாழாப்போன மழை” என்றீர்கள். அந்த முகத்தை நான் பார்த்தேன், மதினி. அவ்வளவு சந்தோஷமாக மழையைத் திட்டிய ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உங்கள் திட்டத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. மழை நமக்கு மட்டும் பெய்யாது. பக்கத்துத் தோட்டங்கள் அத்தனைக்கும் அன்று வேலை இல்லை. நாம் பேசி வைத்திருந்த மாட்டுவண்டி சுங்கை சிப்புட் ஸ்டேஷனை நோக்கிச் சேற்றில் தவழ்ந்தபோது, சடக்குப் பாதையின் இரண்டு பக்கமும் ஊரே நடந்துகொண்டிருந்தது. வண்டிக்கூரை ஒழுகி, உட்கார்ந்த பலகையில் தண்ணீர் தேங்கியது. அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இறங்கியபோது அண்ணனுக்கும் எனக்கும் பின்பக்கம் ஒரே சிவப்பு. அஞ்சலையின் மஞ்சள் சேலையிலும் பாதி போயிருந்தது. ரயிலில் ஒரு பெரியவர் அண்ணனின் தோளைத் தொட்டு, “எங்கய்யா வெட்டுப்பட்டுச்சு? ஆஸ்பத்திரிக்கா போறீங்க?” என்று கேட்டார்.

“ஜவுளிக்கடைக்கு” என்றார் அண்ணன், பாவம்.

கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை கொள்ளாத கூட்டம். உள்ளே போக இடமில்லை. மூட்டையோடு வெளியே வந்த ஒரு அம்மாள், பட்டு முடியப் போகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். கூட்டத்தைப் பிளக்க வேண்டிய அண்ணன், “பொம்பளைங்களா நிக்குறாங்க, எப்படி இடிக்கிறது?” என்று சுவரோரம் ஒதுங்கினார். பட்டு நம் கையைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் கடைப்படியில் ஏறி நின்றீர்கள். வெள்ளைச் சிமெந்துப் படி. உங்கள் முந்தானையிலிருந்து சொட்டிய தண்ணீர் அதில் சிவப்பாகப் பரவியது.

“ஐயையோ, இது எந்தக் கடைச் சேலைக்கா?” என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

நீங்கள் படியைப் பார்த்தீர்கள். தலைக்கு மேல் தொங்கிய கடைப்பலகையைப் பார்த்தீர்கள். மாதக்கணக்கில் போட்ட திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று போட்டீர்கள்.

“இந்தக் கடைதான் தங்கச்சி. போன தீபாவளிக்கு எடுத்தது. சாயம் போகாதுன்னு மொதலாளியே சொல்லிக் குடுத்தாரு. தங்கமான மனுசன்.”

குறை சொல்கிற குரலே இல்லை. யார் வந்து கேட்டாலும் அதே சிரிப்பு, அதே பதில். வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒருத்தி விரலை எச்சிலில் நனைத்துத் தன் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி தேய்த்தாள். வரிசை கொஞ்சம் தளர்ந்தது. உள்ளேயிருந்து முதலாளியே ஓடிவந்தார்.

“உள்ள வாங்கம்மா. ஏன் மழையில நிக்குறீங்க?”

“கூட்டம் போகட்டும் மொதலாளி. எங்களுக்கு அவசரமில்ல. இங்கயே நிக்குறோம்.”

எனக்குக் கொடுத்த வேலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “ஆமா மொதலாளி, இங்க நின்னா நாலு பேரு பாப்பாங்க லா” என்றேன், நன்றாகத் திரும்பி என் வேட்டியின் பின்பக்கத்தைக் காட்டியபடி.

முதலாளி உங்களைக் கும்பிடாத குறையாக உள்ளே அழைத்துப் போனார். பாயில் உட்கார்த்தி, காப்பி வரவழைத்து, மேல் அலமாரியில் இருந்த பட்டையெல்லாம் இறக்கிப் போட்டார். சிவப்பில் ஒன்றைத் தூக்கிக் காட்டியபோது, “செவப்பு வேணாம். செவப்ப நாங்க பாத்துட்டோம்” என்றீர்கள். அவரே சிரித்துவிட்டார். கிளிப்பச்சையில் ஒன்று எடுத்தீர்கள். அஞ்சலை காப்பித் தம்ளரைக் கழுவிய தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து, என் வேட்டியில் மிச்சமிருந்த வெள்ளையில் தேய்த்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். மாப்பிள்ளைக்குச் சரிகை வேட்டியும் எடுத்தாயிற்று. சாயம் போன சேலைக்கு மாற்றாக வேறு சேலை தருகிறேன் என்றார் முதலாளி. “இது ராசியான சேலை, நானே வச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

தீபாவளியன்று பாக்கியம் அந்தப் பச்சைப் பட்டில் வந்து நின்றாள். சம்பந்தியம்மாவின் இரண்டு விரல் தானாகச் சேலை ஓரத்துக்குப் போனது. தேய்த்தார். மறுபடி தேய்த்தார். பிறகு இலை முன்னால் போய் உட்கார்ந்தார்.

“பரவால்லயா சம்பந்தி?” என்று கேட்டுக்கொண்டே நீங்கள் அவர் இலையில் இன்னொரு அதிரசம் வைத்தீர்கள்.

அந்த வருஷ மாசியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள். அடுத்து வந்த தீபாவளி நம் வீட்டில் இல்லை. இந்த வருஷம்தான் மறுபடி விளக்கு வைக்கிறோம். பாக்கியம் முந்தாநாளே குழந்தையோடு வந்துவிட்டாள். உங்கள் பேத்தி, மதினி. உங்கள் மூக்கு. அவளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வேண்டும். இன்று மழை பிடித்ததும், “சித்தப்பா, அந்த வேட்டியக் கட்டுங்க” என்று சொன்னதும் அவள்தான்.

கட்டினேன். அதே கூட்டம், அதே படி. அண்ணன் அதே சுவரோரம். நான் படியில் ஏறித் திரும்பி நின்றேன். உள்ளேயிருந்து முதலாளி பார்த்துவிட்டார். கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“அந்தம்மா எங்க? போன வருசமே காணோமே?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் வேட்டி நுனியைப் பிழிந்தேன். பாக்கியம்தான் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் அவங்க மக. அம்மா இல்ல. இது பேத்தி.”

அவர் தானே கையை விரித்துக் கூட்டத்தை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

உள்ளே துணி போடுகிற பாயில், ஒவ்வொரு அடுக்குக்குப் பக்கத்திலும் ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது, மரத்தில் பால் பிடிக்கிற நம் மங்கு அளவில். நிறையத் தண்ணீர். வந்தவர்களெல்லாம் துணி நுனியை அதில் முக்கித் தேய்த்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இது என்ன புதுசாக என்று கேட்டேன்.

“அந்தம்மாவுக்குப் பயந்து வச்சது” என்றார். “இப்ப யாவாரமே இதனாலதான் நடக்குது.”

ஈப்போ டவுனில் இன்று துணி எடுத்த அத்தனை பேரும் உங்கள் தண்ணீரில் கை நனைத்துவிட்டுத்தான் எடுத்தார்கள், மதினி. உங்கள் பேத்தி இரண்டு கையையும் முக்கி முதலாளியின் சட்டையில் அறைந்தாள்.

சாயம் போகாது என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் சேலையை விட்டுப் போனது, என் வேட்டியை விட்டு இன்னும் போகவில்லை. அஞ்சலையிடம் சட்டி இறக்க வேறு துணி கொடுத்துவிட்டேன். இதை மடித்துப் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன், எட்டினால் கைக்கு வருகிற மாதிரி. வருகிற வருஷம் விற்பனை நாளில் மழை பெய்தால் நல்லது. பெய்யாவிட்டால் கிணற்றில் ஒரு வாளி இறைத்து என் மேலேயே ஊற்றிக்கொண்டு போய் அந்தப் படியில் நிற்பேன்.