ரப்பர் விரலை இழுக்கும்போது

சென்னிமலை
4.7.1994

மரியாதைக்குரிய மதன்குமார் அவர்களுக்கு,

மயிலாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

உப்புச்சக்கரை மாற்றி நம் கல்யாணத்தை உறுதி செய்த அன்று, உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குனிந்தே இருந்தேன். மன்னியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். ஆனாலும் வாயில் பேச்சு வருவதில்லை. தாளில் கொஞ்சம் வரும்.

நீங்கள் அனுப்பிய பெட்டியைச் சேலை என்று நினைத்து அம்மா சாமி படத்தின் முன் வைத்துப் பிரித்தார். உள்ளே பொம்மை விமானம் செய்வதற்கான பால்சா மரக்குச்சி, மெல்லிய தாள், ரப்பர். "ஏங்கண்ணு, மாப்பிள்ளை வெளையாட்டுச் சாமானா அனுப்பிச்சிருக்காரு?" என்று ஒரே சிரிப்பு. அந்த மரம் அப்பளம்போல இருக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

இப்படிக்கு,
மயிலாத்தாள்

பீளமேடு
9.7.1994

அன்புள்ள அம்மணி,

பயப்படாதே. வரைபடத்தைப் பலகைமேல் விரித்து, குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டு. காயும்வரை தொடாதே. முடிந்ததும் ரப்பரை முறுக்காமல், புல்மேல் கையால் மெல்ல விட்டுப் பார். தலையைத் தூக்கி நின்று விழுந்தால் மூக்கில் துளி களிமண் வை. பிறகு ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவி, முன்விசிறியைச் சுற்று. ரப்பர் விரலை இழுக்கும். அங்கே நிறுத்திவிடு. மீறினால் ரப்பர் அறுந்து விமானத்தின் உடம்பையே கிழித்துவிடும். விமானம் விடும் இந்த எட்டு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை.

போன மாதம் தங்கை பிரவீனா கேட்காமல் என் விமானத்தை எடுத்தாள். ஒரு வாரம் யாரும் அவளிடம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் பேசவில்லை. இப்போது அவள் என் அறை வாசலைத் தாண்டுவதில்லை. நல்ல பெண்!

உடனே பதில் போடு. தாமதம் எனக்குப் பிடிக்காது.

உன்,
மதன்

சென்னிமலை
27.7.1994

அன்புள்ள உங்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இறக்கை ஒடிந்துவிட்டது. உங்களிடம் சொல்லப் பயந்து, ஒட்டி முடித்த பின்பே எழுதுகிறேன்.

நேற்று, உழுது போட்டிருக்கும் எங்கள் காட்டில் பறந்தது! அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "உட்றாத கண்ணு, பனையத் தாண்டுது பாரு!" நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ஞாயிறு நீங்கள் வீட்டாருடன் இங்கே வரும்போது உங்கள் விமானத்தையும் கொண்டு வாருங்கள்.

பிரவீனாவிடம் இப்போது பேசுகிறார்கள்தானே?

அன்புடன்,
மயிலாத்தாள்

பீளமேடு
2.8.1994

அம்மணி,

ஞாயிறன்று ஒரு பொம்மை உடைந்ததற்கு எல்லார் முன்பும் நீ கண் கலங்கியது நன்றாக இல்லை. பழைய ரப்பர், அறுந்தது. அவ்வளவுதான். இதனுடன் புதியது வைத்திருக்கிறேன். இனி நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பறக்கவிடு. கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் பழகிவிடும்.

மதன்

சென்னிமலை
8.8.1994

மதன்குமார் அவர்களுக்கு,

ரப்பர் பழையதல்ல. நீங்கள் அனுப்பிய பெட்டியில் வந்ததுதான்.

ஞாயிறன்று என் விமானம் உங்களுடையதைவிட உயரம் போனது. அப்பா கைதட்டினார். தட்டக் கையெடுத்த உங்கள் அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். பிரவீனா தரையைப் பார்த்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

"எங்க குடு, நான் சுத்தறேன்."

ரப்பர் உங்கள் விரலை இழுத்தது எனக்கே தெரிந்தது. "போதுமுங்க" என்றேன். நீங்கள் விமானத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினீர்கள். மறுபடியும் "போதுமுங்க" என்றேன். ரப்பர் அறுந்து விமானம் கிழிந்தபோதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். புது ரப்பரை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். பிரவீனா உங்களைப் பற்றி என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. தயவுசெய்து அவள்மேல் கோபப்படாதீர்கள்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. உப்புச்சக்கரை மாற்றியாயிற்று, ஊர் சிரிக்குமே என்பார். அவரிடம் முதலில் சொன்னால் இதைத் தபாலில் போடும் தைரியம் போய்விடும். அதனால் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்ல அப்படியே காட்டுக்கு நடக்கப் போகிறேன்.

மயிலாத்தாள்