நோர்புவின் அங்கி

லடாக்,
நவம்பர் 18

என் செல்ல ஜோஸ்மிக்கு,

சுகம்தானே? பனி விழுந்து ரோடு வேலை நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். நான் ஒரு மேய்ப்பர் வீட்டில் சம்பளத்துக்கு நிற்கிறேன். யாக்குகளுக்கும், யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த சோமோக்களுக்கும் தீனி வைக்க வேண்டும். காய்ந்த புல், பார்லி மாவு உருண்டை, கை நிறைய உப்பு.

வீட்டுக்காரர் நோர்பு போன மாதம் இறந்துவிட்டார். அதன்பிறகு சோமோக்கள் யார் கையிலும் வாய் வைக்கவில்லை. அவர் மனைவி அவருடைய கம்பளி அங்கியை எனக்குப் போட்டுவிட்டார். இந்த வீட்டில் அதுதான் வழக்கமாம். உடனே வந்து கையை நக்கின!

ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் மக்கா.

அண்ணன் நிபின்

குன்னத்துகால்,
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "செத்தவன் உடுப்பையா போட்டிருக்கான்? கிறுக்காக்கும் அவனுக்கு! கழத்திப் போடச் சொல்லு மோளே" என்று சத்தம் போட்டாள்.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு எனக்குப் பேச நீ ஒருவன்தான். யாராவது வந்தால் இப்போதும் அடுக்களைக்குள் ஓடிவிடுகிறேன். தீனி வைத்ததும் அங்கியைக் கழற்றிவிடு. நீ நீயாகவே திரும்பி வா.

ஜோஸ்மி

லடாக்,
பிப்ரவரி 2

ஜோஸ்மிக்கு,

கழற்றினால் அவை பட்டினி கிடக்கின்றன. அதனால் தூங்கும்போதும் போட்டிருக்கிறேன். நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. நோர்புவின் மகள் மடியில் வந்து உட்காருகிறாள்.

நேற்று ஒரு கிழட்டுச் சோமோவைத் தடவியபோது, அது பிறந்த காலைப்பொழுது எனக்கு நினைவு வந்தது. அப்போது நான் இங்கே இல்லையே?

அம்மாவின் பெயர் என்ன? பதிலில் எழுது.

நிபின்

குன்னத்துகால்,
ஏப்ரல் 22

அண்ணா,

அம்மாவின் பெயரை எழுதிப் போட்டதற்கு உன் பதில் வரவில்லை. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று பாறசாலை ஸ்டேஷனில் இறங்கி ஒருவர் வந்தார். உன் முகம், உன் பை. அங்கி இல்லை. அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். நல்லவராக இருக்கிறார். என்னை ஒருதரம்கூட மக்கா என்று கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கையில் உப்போடு பின்பக்கம் நின்று, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். அடுத்த வீட்டுச் சௌதாமினி அக்காவின் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றன. "ஆளைப் பக்கத்தில அடுக்காத மாடாக்கும்! உனக்க அண்ணனுக்கு என்ன கை!" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர் நீ இல்லை என்று அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அவள் இப்போதுதான் வயிறாரச் சாப்பிடுகிறாள்.

நீ அங்கே இருந்தால் ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால், இவரை நான் அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிடுவேன்.

ஜோஸ்மி