ஆப்பசோடாவும் உங்கள் கடல் தொட்டியும்

கூப்பிட்டால் “இந்தா வாரேன்” என்று குரலை மட்டும் அனுப்பிவிட்டுத் தொட்டி முன்னாலேயே நிற்கும் என் மனுசருக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வரவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பவளமும் நத்தையும் வளர்க்கிற, இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு கடல் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டு இப்படியா போவது?

அன்றைக்கு மில்லுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். “செல்வி, தொட்டி புதுசு. ஒரு கண்ணு வச்சுக்க.” பத்து மணிக்கு மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியாகப் பேசின பேச்சில் ஒரு வார்த்தை எனக்கென்று இருந்திருக்கக் கூடாதா?

சரி, விடுங்கள். கண் வைத்தேன். கண்ணோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, கையையும் வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினாறு முடிகிறவரை புருசனைப் பறிகொடுத்தவள் வாசல் தாண்டக் கூடாது என்பது நம் சனத்தின் வழக்கம். உள்ளறையில் பாயை விரித்து உட்கார்ந்து, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நம் வீட்டில் உள்ளறை எது? தண்ணீர் சூடாகக் கூடாதென்று ஏ.சி. மாட்டி, ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வராமல் ஜன்னல் இடுக்கெல்லாம் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தீர்களே, அந்த அறைதான். எனக்கு முன்னால் உங்கள் போட்டோ, விளக்கு, பத்தி. பக்கத்தில் தொட்டி.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் சீட்டு கிடைத்தால்கூட ஒழுங்காக உட்காராதவள். ஆறு வருசமாக இட்லி மாவுக் கடை நடத்துகிறவளைக் கையை மடியில் வைத்துக்கொண்டு பதினாறு நாள் உட்கார் என்றால் எப்படி உட்காருவாள்? இரண்டாம் நாளே தொட்டி மேல் கிடந்த உங்கள் பி.ஹெச். மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். எட்டு. எட்டுக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

மத்தியானம் பாலவனத்தத்திலிருந்து ஒரு வேன் நிறைய உங்கள் சொந்தம் வந்து இறங்கியது. அறை கொள்ளாத கூட்டம். அவர்கள் அழுது முடித்துக் கிளம்பியதும் மறுபடி பார்த்தேன். ஏழு புள்ளி எட்டு.

பி.ஹெச். இறங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம், நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். மாவு புளித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு சிட்டிகை ஆப்பசோடா. நீங்களும் என் கடை டப்பாவிலிருந்து அதைத்தானே ஸ்பூனால் அளந்து தொட்டிக்குக் கொண்டு போவீர்கள்? அதனால் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். நம்பர் ஏறவில்லை. இன்னொரு ஸ்பூன். மறுநாள் பந்தல்குடிக்காரர்கள் வந்தார்கள், அதற்கடுத்த நாள் வீரசோழனிலிருந்து உங்கள் சிநேகிதர் வீட்டு ஆட்கள். ஏழு புள்ளி ஏழு. இன்னும் சோடா.

என்னைத் திட்டாதீர்கள். அழுகிற நேரம் போக எனக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

எட்டாம் நாள் காலையில் பார்த்தால், தோல் மாதிரி மெத்தென்று இருக்குமே, அந்தத் தோல் பவளம் சுருங்கிக் கிடக்கிறது. நம் கடலில் எடுக்கக் கூடாது, சட்டம் என்று வெளிநாட்டில் வளர்த்ததைப் பில்லோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களே, அதுதான். வந்த நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்தது. “இடம் பழகணும் செல்வி, விரியும் பாரு, காளான் மேல பூப் பூத்த மாதிரி இருக்கும்” என்று தினமும் அதன் முன்னால் நின்றீர்கள். விரிவதற்கு முன்னால் நீங்கள் போனீர்கள். இப்போது அதுவும் போகப் பார்க்கிறது. நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்து கிடந்தன. தண்ணீரைச் சுற்றவிடுகிற மோட்டார் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார். “மதினி, இது இனித் தேறாது. பதினாறு முடியவும் தண்ணியத் தொறந்து விட்டுட்டுக் கண்ணாடிய யாருக்காச்சும் குடுத்துருவோம். இல்லாட்டி நம்ம போர்த் தண்ணிய ஊத்திப் பாருங்க, அதுவும் உப்புத்தான?” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் பயமும் வந்தது. இதையும் சாகக் கொடுத்துவிட்டால் உங்களை இரண்டு தடவை அனுப்பின மாதிரி ஆகிவிடுமே என்று.

உங்கள் போனில், தொட்டிச் சாமான் விற்கிற மதுரைக் கடைத் தம்பியின் நம்பர் இருந்தது. நீங்கள் போன சேதியையும் தொட்டி கிடக்கிற நிலையையும் சொன்னேன். அவர் கேட்டார்: “அல்கலினிட்டி எவ்வளவு இருக்குக்கா?”

“அது பாக்கல தம்பி. பி.ஹெச்.தான் பாத்தேன்.”

“முதல்ல அதப் பாருங்கக்கா. பி.ஹெச்.ங்கறது இப்ப எவ்வளவு புளிப்புன்னு. அல்கலினிட்டிங்கறது எவ்வளவு புளிப்பு வந்தாலும் தாங்குற பலம். ரெண்டும் வேற வேற.”

சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, நீங்கள் செய்கிற மாதிரியே சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். எட்டுச் சொட்டில் நீலம் மாறி மஞ்சளாக வேண்டும். எட்டு போனது, பத்து போனது, நீலம் அப்படியே இருந்தது. பதினைந்தாவது சொட்டில்தான் மஞ்சள்.

“யக்கா! கொன்னுட்டீங்களே” என்று கத்தினார் அந்தத் தம்பி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார் போல. சோடா போட்டால் தாங்கும் பலம்தான் ஏறுமாம், பி.ஹெச். பெரிசாக ஏறாதாம். அந்தப் பலமும் அளவு மீறினால் சுண்ணாம்பாகப் படிந்து உயிர்களைக் கொல்லுமாம். நான் நம்பரைத் துரத்தித் துரத்திச் சோடாவாகக் கொட்டியிருக்கிறேன்.

“அப்ப பி.ஹெச். ஏன் இறங்குது?”

“ரூம்ல ஆள் கூட்டமாக்கா? ஜன்னல் மூடியிருக்கா?”

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்துப் போய், பேட்டரி பம்ப்பில் ஒரு மணி நேரம் காற்று ஊதிவிட்டு அளந்து பார்க்கச் சொன்னார்.

வெளியே. எட்டாம் நாளில். டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, துக்கத்துக்குப் போட்ட பந்தலில் போய் உட்கார்ந்துவிட்டேன். வாடகை நாற்காலிகளில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் அம்மா பதறிக்கொண்டு வந்தார்கள்.

“ஏத்தா, என்ன காரியம் பண்ணுற? சனம் பாக்குது, உள்ள போ.”

“ஒரு மணி நேரம் அத்த. இது தெரியாட்டி அவுக வளத்தது செத்துரும்.”

அத்தை என்னையும் டம்ளரில் வந்த குமிழியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை விட்டேன். எட்டு புள்ளி மூன்று. அதே தண்ணீர்தாங்க. அறைக்குள் ஏழு புள்ளி ஏழு, பந்தலில் எட்டு புள்ளி மூன்று.

அத்தைக்கு எப்படிச் சொல்வது? “அத்த, தண்ணியில ஒரு கோளாறும் இல்ல. அடைச்ச ரூம்ல இத்தன பேரு மூச்சு விடுறோம்லா, அது தண்ணிக்குள்ள இறங்கிப் புளிக்க வைக்குது. நம்ம மூச்சுத்தான் அதுக்கு ஆகல.”

அத்தை எழுந்து உள்ளே போனார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஸ்பாஞ்சை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வாசலில் அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள் திருச்சுழி அத்தைமார்கள். வந்தவர்கள் மாரிலடிக்கக் கையைத் தூக்கும்போதே அத்தையின் குரல் கேட்டது.

“உள்ள போகாதீக. எம்மகன் வளத்ததுக்கு மூச்சு முட்டுதாம். அழுகுறவுக எல்லாரும் பந்தல்ல உக்காந்து அழுங்க.”

அந்த நிமிசம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மிச்ச நாள் பூராவும் நான் பந்தலில்தான் இருந்தேன். ஊர் பேசியது. பேசட்டும் என்றார்கள் அத்தை.

சோடா டப்பா கடைக்கே திரும்பிப் போய்விட்டது. பதினைந்தை ஒரே நாளில் எட்டுக்கு இறக்கினால் அந்த அதிர்ச்சியிலும் செத்துவிடும் என்று மதுரைத் தம்பி மிரட்டி வைத்தார். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரு குடம் மாற்று, மற்ற நாளெல்லாம் பேசாமல் இரு என்றார். நானா பேசாமல் இருப்பேன்? மீட்டரை அத்தையின் முந்தானை முடிச்சில் கொடுத்து வைத்தேன், கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லி. ஒரு நாளைக்கு மூன்று தடவை கெஞ்சினேன். தரவில்லை. பதினைந்து பதிமூன்றானது, பதினொன்றானது. பதினாறு முடிந்து கடையைத் திறந்துவிட்டேன். மாவு அள்ளிப் போடும்போதும் நினைப்பு தொட்டியில்தான். நீங்கள் எப்படி அத்தனை பொறுமையாக நின்றீர்கள்? எனக்கு ஏன் அதைச் சொல்லித் தரவில்லை?

இன்றைக்கு ஒன்பது சொட்டு. நத்தைகளில் நாலு தேறிவிட்டன, மூன்று போய்விட்டன. அது என் கை செய்தது, மறைக்கவில்லை.

மறுபடி நம்பரைத் துரத்த மாட்டேன். தினமும் ஒரே நேரத்தில் ஒரு தடவை பார்ப்பேன், ஜன்னலைத் திறந்து வைப்பேன், புழுதியை நானே துடைத்துக்கொள்வேன். உங்கள் தம்பி கண்ணாடியைக் கேட்டால் கொடுக்க மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஒன்று. காலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்தேன். அந்தத் தோல் பவளம் விரிந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது, ஒவ்வொரு பூவும் தனித்தனியாக ஆடுகிறது. அத்தை அடுப்படியிலிருந்து மூன்றாவது தடவையாகச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். “இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டு இங்கேயேதான் நிற்கிறேன்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் வீட்டுக்காரி,
செல்வி